வானத்தில் விழும் புள்ளிகள்: கேமரா சென்சாரைத் திரவம் தொட்டு வீட்டிலேயே துடைக்கலாமா?

கோடிக்கரை_விழி எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது நிக்கான் டி750. கோடிக்கரையில் பூநாரை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து படங்களில் வானம் வரும் இடத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிகின்றன. எஃப்/5.6-இல் எடுத்த பறவைப் படங்களில் ஒன்றும் இல்லை. அதே மாலையில் வேதாரண்யம் உப்பளத்தை எஃப்/16 வைத்து எடுத்தேன், அதில்தான் எல்லாம் வெளியே வந்தது. லென்ஸை மாற்றியும் பார்த்தேன், புள்ளிகள் அதே இடத்தில் இருக்கின்றன. கேமராவின் உள்ளே இருக்கும் கிளீனிங் வசதியை ஓட்டி, ரப்பர் ப்ளோயரால் ஊதியதில் பாதி போய்விட்டது. மேல் இடது பக்கம் மூன்றும் நடுவில் ஒன்றும் அசையவே இல்லை.

சர்வீஸ் சென்டரில் கேமராவை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். பறவைகள் இருக்கும் பருவத்தில் கேமராவைப் பிரிந்திருக்க மனம் வரவில்லை. கடையில் ஸ்வாபும் (துணி நுனி வைத்த துடைப்புக் குச்சி) சின்ன பாட்டிலில் திரவமும் விற்கிறார்கள். நாமே செய்யலாமா? எந்தத் திரவம் வாங்குவது? செய்து பழகியவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்யாணக்கேமரா எழுதியது:

தாராளமாகச் செய்யலாம் அக்கா. முகூர்த்த மாதம் தொடங்கும் முன் என் கேமராக்களை எல்லாம் நானே ஈரத் துடைப்பு செய்துவிடுவேன். அந்தச் சின்ன பாட்டிலுக்கு அவ்வளவு காசு கொடுக்கத் தேவையில்லை. மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்குங்கள், ஒரு பிளாஸ்டிக் கார்டை அளவாக வெட்டி, மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி, ஒரே இழுப்பு. முடிந்தது.

ஒளிக்கூடு எழுதியது:

கல்யாணக்கேமரா தம்பி, நீங்களே செய்வது சரி, எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மெடிக்கல் ஸ்பிரிட்டும் சுற்றிய துணியும் வேண்டாம். காரணத்தை வேதியியல் தெரிந்த யாராவது என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். கேமரா பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்தவனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சி, நீங்கள் துடைக்கப்போவது படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சில்லையே இல்லை. அதன் முன்னால் ஒரு கண்ணாடி அடுக்கு இருக்கிறது. அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டரும், டி750-இல் நுண்ணிய கோடுகளில் பொய்க்கோலம் விழாமல் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டரும் அதில் அடக்கம். தூசி உட்காருவது அந்த அடுக்கின் வெளி முகத்தில். கண்ணாடி கெட்டியானது, அதன்மேல் உள்ள பூச்சுதான் மெல்லியது. நாம் காப்பாற்ற வேண்டியது அந்தப் பூச்சை.

எஃப்/5.6-இல் தெரியாதது எஃப்/16-இல் ஏன் தெரிகிறது என்பதற்கும் இதுவே காரணம். கண்ணாடியின் முகம் சில்லிலிருந்து தோராயமாக 2 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எஃப் எண் பெரிதாகப் பெரிதாக லென்ஸின் துளை, அதாவது அபெர்ச்சர், சிறிதாகும். எஃப்/2-இல் ஒளி அகலமான கூம்பாக வந்து விழும், தூசியின் நிழல் ஓரம் 1 மி.மீ. வரை பரவிக் கரைந்துவிடும். எஃப்/16-இல் அந்தப் பரவல் 0.125 மி.மீ. மட்டும். உங்கள் கேமராவில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 6 மைக்ரான், அதாவது முதல் கணக்கில் நிழல் நூற்றறுபதுக்கு மேற்பட்ட பிக்சல்களில் கரைகிறது, இரண்டாவதில் ஏறக்குறைய இருபது பிக்சலில் கூர்மையாக நிற்கிறது. எஃப்/22 போனால் இன்னும் கறுப்பாகத் தெரியும். தூசி ஒன்றும் கூடவில்லை.

அதனால் திரவம் வாங்கும் முன் ஒரு சோதனைப் படம் எடுங்கள். மேனுவல் மோட், ஐஎஸ்ஓ 100, எஃப்/16, மேனுவல் ஃபோகஸ். வெள்ளைச் சுவரையோ கணினித் திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தையோ கிட்டப் போய், வேண்டுமென்றே ஃபோகஸ் கலைத்து எடுக்கவும். ஒரு நொடி எக்ஸ்போஷர் வைத்து, அந்த நொடியில் கேமராவை லேசாக நகர்த்தினால் சுவரின் சொரசொரப்பு கரைந்துவிடும், சென்சார்மேல் இருப்பது மட்டும் அசையாமல் நிற்கும். கணினியில் போட்டு கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பாருங்கள்.

அப்புறம் இடம். படத்தில் மேல் இடது என்றால், மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) உங்களைப் பார்க்கும்படி கேமராவை நேராகப் பிடித்திருக்கும்போது சென்சாரில் அது கீழ் இடது. மேல் கீழ் மட்டும் மாறும், இடம் வலம் மாறாது. இது தெரியாமல் நிறையப் பேர் சுத்தமான மூலையையே ஊதிக்கொண்டிருப்பார்கள்.

படத்தை இங்கே போடுங்கள். புள்ளியின் வடிவத்தைப் பார்த்தால் அது என்ன அழுக்கு என்று ஓரளவு சொல்லலாம். எந்தத் திரவம் என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும்.

வேதியியல்_டீச்சர் எழுதியது:

மெடிக்கல் ஸ்பிரிட் பற்றி நான் சொல்கிறேன். சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்பது வெறும் ஆல்கஹால் இல்லை. பிரிட்டிஷ் மருந்தியல் நூலின் கலவையில் மெத்தில் சாலிசிலேட், டையெத்தில் தாலேட், ஆமணக்கு எண்ணெய் மூன்றும் உண்டு. ஆமணக்கு எண்ணெய் தோல் வறண்டுபோகாமல் இருக்கச் சேர்த்தது. ஆல்கஹால் ஆவியாகிப் போகும், எண்ணெய் கண்ணாடியிலேயே தங்கும். புண்ணைத் துடைக்க அது நல்லது, சென்சாருக்கு ஆகவே ஆகாது.

70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் அப்படித்தான், மீதி 30 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் எது கரைந்திருந்தாலும் காய்ந்ததும் வளையமாக நிற்கும். பிரச்சினை ஆல்கஹாலில் இல்லை, ஆவியான பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் இருக்கிறது. சென்சாருக்கென்று விற்கும் திரவங்களில் நாம் காசு கொடுப்பது அந்த மிச்சம் இல்லாத தூய்மைக்கு.

அந்த பாட்டில்களில் பலவற்றில் இருப்பது மெத்தனால். எக்ளிப்ஸ் என்ற பழைய திரவம் மெத்தனால்தான். கொதிநிலை 64.7 டிகிரி, ஐசோபுரொப்பைலுக்கு 82 சொச்சம், அதனால் இது வேகமாகக் காய்ந்துவிடும், கறை விடாது. "அப்படியானால் தொழிற்சாலை மெத்தனாலை வாங்கி வைத்துக்கொள்ளலாமே" என்று யாராவது யோசித்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தூய்மை வேறு, அதைவிட முக்கியமானது உயிர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். சில மில்லிலிட்டரே பார்வையைப் பறித்துவிடும். கடையில் வாங்கும் சின்ன பாட்டிலையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள், ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். பூஜை விளக்கோ அடுப்போ எரியும் அறையில் திறக்கவே கூடாது. 11 டிகிரி வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும்.

கல்யாணக்கேமரா எழுதியது:

ஆமணக்கு எண்ணெய் இருப்பது எனக்குத் தெரியாது டீச்சர், நன்றி. ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. மணவறையில் பூ, அட்சதை, ஹோமப் புகை என்று எல்லாம் பறக்கும். நடுவில் லென்ஸ் மாற்றாமல் முடியாது. மாதம் ஒருமுறை ஈரமாகத் துடைத்துவிட்டால் நிம்மதி. இதில் என்ன தவறு?

ஒளிக்கூடு எழுதியது:

தம்பி, நீங்கள் மணமேடையில் எந்த அபெர்ச்சரில் எடுக்கிறீர்கள்? எஃப்/2.8, எஃப்/4. அதில் தெரியாத தூசியை எதற்காகத் தொட வேண்டும்? ஒவ்வொரு ஈரத் துடைப்பும் பூச்சின்மேல் ஒரு உரசல். தேவை வந்தால் தயங்காமல் செய்யுங்கள், வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்லும் அளவு எளிது: நீங்கள் உண்மையில் படம் எடுக்கும் அபெர்ச்சரில் புள்ளி தெரிகிறதா? தெரிந்தால் ஊதுங்கள். ஊதியும் போகாவிட்டால்தான் திரவம்.

வீடு முழுக்கச் சுண்ணாம்படித்துவிட்டு ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது என்று நிற்பவர்களைப் போலச் சிலர் எஃப்/32 வைத்துச் சோதிக்கிறார்கள். அந்த அபெர்ச்சரில் புத்தம்புதுக் கேமராவிலும் நாலு புள்ளி இருக்கும்.

கல்யாணக்கேமரா எழுதியது:

ஆனால் அவுட்டோர் ஷூட்டில் ஸ்டுடியோ விளக்கு வைத்து, வெயிலை அடக்க எஃப்/11, எஃப்/16 போகிறோமே அண்ணா. அங்கே வானத்தில் புள்ளி விழுந்தால் ஆல்பம் முழுக்க உட்கார்ந்து அழிக்க வேண்டும். வாடிக்கையாளர் காசு கொடுத்த படம்.

ஒளிக்கூடு எழுதியது:

அது நியாயம். அந்த ஷூட்டுக்கு முதல் நாள் சோதனைப் படம் எடுத்துப் பார்த்து, தேவையானால் துடையுங்கள். தேதி பார்த்துத் துடைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வாடிவாசல்_புழுதி எழுதியது:

நான் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றுக்கும் போகிறவன். மாடு வெளியே வரும் இடத்தில் தேங்காய் நார்க்கழிவு பரப்பியிருப்பார்கள், மாடு காலை உதைத்தால் அதுவும் மண்ணும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். என்னுடையது சோனி ஏ7 III, மிரர்லெஸ். லென்ஸைக் கழற்றினால் சென்சார் அப்படியே வெளியே தெரிகிறது. சென்சாரே அசைந்து நடுக்கத்தைச் சமாளிக்கும் வகை. அதைத் துடைக்கும்போது அழுத்தலாமா? உடைந்துவிடுமோ என்று பயம்.

வேதியியல்_டீச்சர் எழுதியது:

அழுத்துவது பற்றி ஒளிக்கூடு அண்ணன் சொல்லட்டும். மண் பற்றி ஒரு வார்த்தை. நம் மண்ணில் பெரும்பகுதி குவார்ட்ஸ் துகள். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7, சாதாரணக் கண்ணாடி ஐந்தரை சொச்சம். அந்தத் துகள் ஒன்று கண்ணாடிமேல் இருக்கும்போது ஈர ஸ்வாபை இழுத்தால் அது கீறிக்கொண்டே போகும். நார்த்தூள் மென்மையானது, அது கீறாது. இரண்டும் கலந்து வருகிற இடத்தில் எது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஜல்லிக்கட்டு முடிந்து வந்தவர்கள் ஊதாமல் திரவத்தைத் தொடவே கூடாது.

ஒளிக்கூடு எழுதியது:

டீச்சர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஊதும்போது மவுண்ட் தரையைப் பார்க்க வேண்டும், கிளம்பிய தூசி கீழே விழட்டும். ப்ளோயரை ஊதும் முன் ஓரிருமுறை வெளியே அழுத்தி அதனுள் இருக்கும் தூசியை வெளியேற்றவும். அதன் மூக்கு மவுண்ட் விளிம்பைத் தாண்டி உள்ளே போக வேண்டாம். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறித்தால் அது ஊதியும் போகாது. கணினி விசைப்பலகைக்கு விற்கும் காற்று டப்பாவும் வேண்டாம். அதில் இருப்பது அழுத்தத்தில் அடைத்த திரவம், டப்பா சாய்ந்தால் அது திரவமாகவே கண்ணாடிமேல் பீய்ச்சும்.

சோனிக்கு வருவோம். மெனுவில் கிளீனிங் மோடைத் தேர்ந்தெடுத்தால் சென்சார் ஒருமுறை அதிர்ந்துவிட்டு, கேமராவை அணைக்கச் சொல்லும். அணைத்துவிட்டு லென்ஸைக் கழற்றுங்கள். ஏ7 III-இல் அணைத்த நிலையில் சென்சார் லேசாக ஆடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது உடைந்ததல்ல. ஸ்வாபின் நுனி சற்றே வளையும் அளவுக்குத் தொட்டால் போதும். சென்சார் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு முட்டி நிற்கிறது என்றால் அழுத்தம் அதிகம். நிக்கான் இசட் வரிசையில் சில கேமராக்களில் அணைத்ததும் சென்சார் பூட்டிக்கொள்ளும், துடைக்க வசதி.

இன்னொன்று. கேனான் ஆர், சோனி ஏ7 IV போன்றவற்றில் அணைக்கும்போது ஷட்டர் மூடிக்கொள்ளும் வசதி இருக்கிறது. தூசிக்கு நல்ல காப்பு. ஆனால் மூடிய ஷட்டரின் தகடுகள் சென்சார் கண்ணாடியைவிட எத்தனையோ மடங்கு மென்மையானவை. அது மூடியிருக்கும்போது ப்ளோயரை நெருக்கமாக வைத்து ஊதவும் கூடாது, ஸ்வாபைக் கொண்டுபோகவும் கூடாது. ஷட்டர் திறந்து சென்சார் கண்ணில் பட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கோடிக்கரை_விழி எழுதியது:

சோதனைப் படம் போட்டிருக்கிறேன் அண்ணா. நடுவில் இருப்பது வட்டமாக, விளிம்பு கறுத்து உள்ளே வெளுத்திருக்கிறது. இடது பக்கம் உள்ள மூன்றும் ஒழுங்கில்லாத வடிவம், ஒன்றின் ஓரம் முள் முள்ளாக இருக்கிறது.

ஒளிக்கூடு எழுதியது:

நடுவில் இருப்பது எண்ணெய்த் துளி என்று நினைக்கிறேன். மிரர், ஷட்டர் இயங்கும் இடத்திலிருந்து சில வேளை மசகு தெறிக்கும். விளிம்பு கறுத்து நடுவில் வெளிச்சம் இருப்பது அதன் அடையாளம். நிக்கானின் டி600 இதற்காகவே பேசப்பட்டது. 2012-இல் வந்த அந்தக் கேமராவில் படத்தின் மேல் இடது பக்கம் புள்ளிகள் சேர்ந்துகொண்டே இருந்தன, 2013-இல் புது ஷட்டருடன் டி610 வந்தது, 2014-இல் வாரன்டி முடிந்தவர்களுக்கும் நிக்கான் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. உங்களுடையது டி750, ஒரே ஒரு துளி, கவலைப்பட வேண்டாம். துடைத்த பிறகு திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் சர்வீஸ்.

இடது பக்க மூன்றும் என்னவென்று படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஒட்டிக்கொண்டுவிட்ட ஏதோ ஒன்று. முதலில் ஆல்கஹால் திரவத்தால் துடைத்துப் பாருங்கள், எண்ணெய் அதில் போய்விடும்.

முறை இதுதான். 24 மி.மீ. அகலமுள்ள, தனித்தனியாக உறையிட்ட ஸ்வாப் வாங்குங்கள். உங்கள் டி750 போன்ற ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் அதுதான், ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ்வரை மூடும். அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 16 மி.மீ. தவறிப்போய் பெரிய அளவை வாங்கினால் அது பக்கச் சுவரில் உரசி அங்குள்ள மசகை எடுத்துக் கண்ணாடிமேல் பூசிவிடும்.

பேட்டரியை முழுதாக ஏற்றுங்கள். டி750-இல் செட்டப் மெனுவில் மிரரைத் தூக்கி நிறுத்தும் வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்து ஷட்டர் பட்டனை அழுத்தினால் மிரர் மேலே போய் சென்சார் தெரியும். நடுவில் மின்சாரம் போனால் மிரர் இறங்கும், ஷட்டர் ஸ்வாப்மேல் மூடும். அதற்காகத்தான் முழு பேட்டரி. பல்ப் மோடில் வைத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு துடைப்பது என்று சிலர் சொல்வார்கள், அது வேண்டவே வேண்டாம்.

மின்விசிறியை அணைத்துவிடுங்கள். நம் வீடுகளில் தூசியைக் கிளப்புவதில் முதல் ஆள் அதுதான். தலைக்கு மேல் அல்லாமல் பக்கவாட்டில் ஒரு டார்ச் வைத்தால் கண்ணாடிமேல் உள்ளது பளிச்சென்று தெரியும். மறுபடி ஊதுங்கள். பிறகு ஸ்வாபின் நுனி விளிம்பில் இரண்டு சொட்டு, அதிகம் போனால் மூன்று. சொட்டு விட்ட உடனே தொடாதீர்கள், சில நொடி அது துணியில் பரவட்டும். ஸ்வாப் ஈரப்பதமாக இருக்க வேண்டும், நனைந்திருக்கக் கூடாது. திரவத்தை நேராகச் சென்சார்மேல் விடவே கூடாது, ஓரம் வழியாகக் கண்ணாடி அடுக்குக்குள் இறங்கினால் அதை எடுக்க வழி இல்லை.

ஒரு ஓரத்தில் வைத்து, கைப்பிடியை இழுக்கும் திசையில் லேசாகச் சாய்த்து, ஒரே சீராக மறு ஓரம் வரை. அங்கே தூக்கித் திருப்பி, மறுபக்கத்தால் திரும்பி வாருங்கள். அதோடு அந்த ஸ்வாபின் ஆயுள் முடிந்தது, குப்பையில் போடுங்கள். சுத்தமாகத்தானே இருக்கிறது என்று இன்னொரு இழுப்பு இழுக்காதீர்கள். முதல் இழுப்பில் அது எடுத்த மணல் இப்போது துணியில் இருக்கிறது. முன்னும் பின்னும் தேய்ப்பதும் ஒரே இடத்தில் வட்டமாக உரசுவதும் கூடாது.

துடைத்து முடித்ததும் கேமராவை அணைத்து, லென்ஸ் மாட்டி, மறுபடி சோதனைப் படம். ஓரத்தில் புதுத் தூசி ஒதுங்கியிருந்தால் அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். அது தள்ளிக்கொண்டு போனது, இன்னொரு புது ஸ்வாபில் வந்துவிடும்.

பனையடி_யாழ் எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்தத் திரவத்தை வெளிநாட்டுக் கடையில் ஓடர் பண்ணப் பார்த்தால் ஸ்வாப் மட்டும் அனுப்பலாம், திரவம் அனுப்ப ஏலாது என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற தம்பி வரும்போது பையில் கொண்டு வரலாமோ? ஒருக்கால் சொல்லுங்கோ.

வேதியியல்_டீச்சர் எழுதியது:

வேண்டாம் தம்பி. மெத்தனால் எளிதில் தீப்பற்றும் திரவம், விமானத்தில் கைப்பையிலும் எடுத்துப்போகக் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. அளவு சின்னது என்பதற்காக விதி தளராது. விமான அஞ்சலில் மறுப்பதும் அதனால்தான். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, தீப்பற்றாத சென்சார் திரவங்களும் விற்பனைக்கு உண்டு. பாட்டிலில் அது தெளிவாக எழுதியிருந்தால் அதைப் பார்க்கலாம். காய்வதற்கு நேரம் கூடுதலாக ஆகும், அதனால் சொட்டை இன்னும் குறைக்க வேண்டும்.

ஒளிக்கூடு எழுதியது:

டீச்சர் சொன்ன வகையில் ஸ்வாபோடு சிறு குப்பியாகச் சேர்த்துத் தரும் கிட்டுகளும் கிடைக்கின்றன. கொழும்பில் கேமரா விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். திரவம் கிடைக்கும்வரை லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, மவுண்டைக் கீழே பார்க்கப் பிடியுங்கள், பின் மூடியை உள்பக்கமும் துடைத்து வையுங்கள். மூடிக்குள் இருக்கும் தூசிதான் பலமுறை உள்ளே போகிறது, யாரும் அதைக் கவனிப்பதில்லை.

கோடிக்கரை_விழி எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். நடுவில் இருந்த வட்டப் புள்ளி சுத்தமாகப் போய்விட்டது! வேறு கீறலோ கறையோ இல்லை. ஆனால் இடது பக்க மூன்றும் அப்படியே இருக்கின்றன. புது ஸ்வாபில் மீண்டும் துடைத்தும் வடிவம்கூட மாறவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கலாமா?

ஒளிக்கூடு எழுதியது:

அழுத்த வேண்டாம். நிறுத்துங்கள். ஆல்கஹாலுக்கு அசையாத ஒன்றை பலத்தால் எடுக்கக் கூடாது.

வேதியியல்_டீச்சர் எழுதியது:

தங்கை, நீங்கள் கோடிக்கரைக்குப் போய்வந்த பிறகுதானே இது? அன்று கடல்காற்று இருந்ததா, லென்ஸை அங்கேயே மாற்றினீர்களா?

கோடிக்கரை_விழி எழுதியது:

ஆமாம் டீச்சர், சேற்றுப் பரப்பின் ஓரத்தில், நல்ல காற்று. டெலியைக் கழற்றி வைட் லென்ஸ் போட்டது அங்கேதான்.

வேதியியல்_டீச்சர் எழுதியது:

அப்படியானால் அது உப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கடல்காற்றில் வரும் நுண்துளி கண்ணாடிமேல் விழுந்து, தண்ணீர் காய்ந்து, உப்பு படிகமாக நின்றுவிடும். நீங்கள் சொன்ன முள் முள்ளான ஓரம் படிகத்துக்குப் பொருந்துகிறது. உப்பு தண்ணீரில் 100 கிராமுக்கு 36 கிராம் வரை கரையும். மெத்தனாலில் ஒன்றரை கிராம்கூடக் கரையாது, ஐசோபுரொப்பைலில் கிட்டத்தட்டக் கரையவே கரையாது. இரண்டு சொட்டு ஆல்கஹால் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கும், அவ்வளவுதான். எண்ணெய் போனதும் உப்பு நின்றதும் ஒரே காரணத்தால்.

தண்ணீர் அடிப்படையிலான சென்சார் திரவம் ஒன்று வாங்குங்கள். முதல் ஸ்வாபில் அது, வழக்கத்தைவிட மெதுவான இழுப்பு, உப்பு கரைய நேரம் வேண்டும். அது காய்வதற்குள் அல்லது காய்ந்த உடனே, இரண்டாவது புது ஸ்வாபில் ஆல்கஹால் திரவம், தண்ணீர் விட்ட தடத்தை அது எடுத்துவிடும். வீட்டுக் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்தாதீர்கள், அவற்றிலும் உப்புக்கள் உண்டு.

இன்னொரு விஷயம், இது கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லாருக்கும். ஆல்கஹால் ஆவியாகும்போது கண்ணாடியைக் குளிர்விக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த முகத்தில் நீராவி படிந்து மெல்லிய புகைப்படலம் போலத் தடம் விடும். மழை நாளில் துடைத்துவிட்டுத் திரவம் மட்டம் என்று பலர் சொல்வது இதனால்தான். ஏசி ஓடி ஈரம் குறைந்த அறையில், கேமராவும் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்து அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு செய்யுங்கள்.

ஒளிக்கூடு எழுதியது:

டீச்சர், எத்தனையோ கடற்கரைக் கேமராக்களில் இந்தப் பிடிவாதமான புள்ளியைப் பார்த்திருக்கிறேன், இரண்டு திரவமும் மாற்றி மாற்றித் துடைத்தால் போகும் என்பது கைப்பழக்கத்தில் தெரியும். ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரையில் நின்று எடுக்கும் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

கல்யாணக்கேமரா எழுதியது:

அண்ணா, ஒட்டும் ஜெல் குச்சி ஒன்று பார்த்தேன், பென்டாக்ஸ்கூட விற்கிறார்களே. திரவமே இல்லாமல் ஒற்றி எடுக்கலாம் என்கிறார்கள். உப்புக்கு அது ஆகுமா?

ஒளிக்கூடு எழுதியது:

ஒட்டியிருக்கும் தூசிக்கு அது நல்ல கருவி, உரசலே இல்லை, எனக்குப் பிடித்தது. நேராக வைத்து நேராக எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. ஆனால் எண்ணெய் உள்ள இடத்தில் வைத்தால் ஜெல் அந்த எண்ணெயை எடுத்துப் பக்கத்து இடங்களில் முத்திரை குத்தும். உப்புப் படிகம் இறுகியிருந்தால் வராது. சில சென்சார் பூச்சுகளில் ஜெல்லின் பிசுக்கு தங்கிவிடுவதும் உண்டு, அதனால் உங்கள் கேமரா வகைக்கு ஆகும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாடிவாசல்_புழுதி எழுதியது:

ஊதிப் பார்த்தேன் அண்ணா, மவுண்டைக் கீழே பிடித்து. எஃப்/11-இல் எதுவும் தெரியவில்லை. நான் வாடிவாசலில் எஃப்/5.6-க்கு மேல் போவதில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன், திரவம் வாங்கவில்லை.

ஒளிக்கூடு எழுதியது:

மிகச் சரியான முடிவு தம்பி.

கோடிக்கரை_விழி எழுதியது:

தண்ணீர்த் திரவம் வந்து சேர்ந்தது. ஏசி அறையில், முதலில் அது, உடனே ஆல்கஹால். மூன்றில் இரண்டு போய்விட்டன. மூன்றாவது பாதியாகச் சுருங்கி, எஃப்/16-இல் மங்கலாகத் தெரிகிறது, எஃப்/11-இல் தெரியவில்லை. டீச்சருக்கும் அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. அந்தப் பாதியையும் இன்னொரு சுற்றுத் துடைத்துவிடவா?

ஒளிக்கூடு எழுதியது:

இப்போதைக்கு விடுங்கள். வானத்தில் ஒரே ஒரு மங்கல் புள்ளி, லைட்ரூம் மென்பொருளில் ஒரு தொடுதலில் போய்விடும். அடுத்தமுறை எப்படியும் துடைக்க வேண்டி வரும், அப்போது தண்ணீர்த் திரவத்தில் தொடங்குங்கள், மிச்சமும் கரைந்துவிடும். கோடிக்கரைக்குப் போகும்போது டெலிக்கு ஒன்று, வைடுக்கு ஒன்று என்று இரண்டு கேமரா கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் லென்ஸ் மாற்ற வண்டிக்குள் வாருங்கள், ஜன்னலை ஏற்றிவிட்டு மாற்றுங்கள்.

வேதியியல்_டீச்சர் எழுதியது:

மிஞ்சிய மெத்தனால் பாட்டிலை இறுக மூடி, வெயில் படாத அலமாரியில், பூட்டி. மூடியில் "விஷம்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள் தங்கை. வீட்டில் எல்லாரிடமும் சொல்லியும் வையுங்கள்.

கோடிக்கரை_விழி எழுதியது:

எழுதி ஒட்டிவிட்டேன் டீச்சர். பூநாரைகள் இன்னும் இருக்கின்றன, ஞாயிறு மறுபடி போகிறேன். படங்களை வேறு இழையில் போடுகிறேன்.